ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு விண்டோஸை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மடிக்கணினிக்கோ மேசைக் கணினிக்கோ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் வேகமான சேமிப்பு டிஸ்க்) வாங்க முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே புதிய டிஸ்க்குக்குக் கொண்டுபோக முடியுமா? முடியும். பொறுமையும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் ஒரு திரையில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் பல வருடப் புகைப்படங்கள் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதனால் வேகத்தைவிடப் பாதுகாப்பைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசியிருக்கிறேன்.

எஸ்எஸ்டி போட்டால் உண்மையிலேயே வேகம் கூடுமா?

கூடும். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகிறது. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுழன்று தேவையான இடம் அதன் கீழே வர வேண்டும். இப்படி ஒவ்வொரு சிறு கோப்புக்கும் பத்து, பதினைந்து மில்லி விநாடி காத்திருப்பிலேயே போய்விடுகிறது. விண்டோஸ் எழும்போது டிஸ்க்கின் பல மூலைகளில் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

விளம்பரங்களில் விநாடிக்கு 550 எம்பி, 3500 எம்பி என்று போடுவது பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். அன்றாட வேலையில் கணினி சட்டென்று பதில் சொல்வதற்குக் காரணம் அந்த எண் அல்ல, காத்திருப்பு குறைவதுதான். ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவர்களுக்குச் சாதாரண சாட்டா (இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளும் பயன்படுத்தும் இணைப்பு முறை) எஸ்எஸ்டியே போதும்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மாறப்போவதில்லை. வீடியோ தொகுப்புக்கு ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது. 4 ஜிபி ராம் மட்டும் இருந்தால், மதர்போர்டில் காலி இடம் இருக்கும்பட்சத்தில் அதையும் 8 ஆக்கிவிடுங்கள்.

எந்த வகை எஸ்எஸ்டி வாங்க வேண்டும்?

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வடிவம் வேறு, பேசும் முறை வேறு. 2.5 அங்குல சாட்டா டிஸ்க் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் அப்படியே உட்காரும். எம்.2 என்பது சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய அட்டை. பரவலாகக் கிடைக்கும் 2280 அளவு என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அந்த அட்டையிலும் சாட்டா முறையில் பேசுபவை உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ முறையில் பேசுபவை உண்டு. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் சாட்டா அட்டையைச் செருகினால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. அதுபோலவே மறுபக்கமும்.

உங்கள் மாடலின் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எம்.2 இடமே இல்லாத பழைய மேசைக் கணினியில் அடாப்டர் அட்டை வழியாக என்விஎம்இ பொருத்தலாம். ஆனால் பழைய பயாஸ்கள் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) பலவற்றுக்கு அதிலிருந்து பூட் செய்ய, அதாவது விண்டோஸை எழுப்பத் தெரியாது. அத்தகைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டாதான் சரியான தேர்வு.

நம்ப முடியாத மலிவு விலைக்குப் பல டிபி என்று இணையத்தில் விற்கப்படும், பெயர் தெரியாத டிஸ்க்குகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல, இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் காட்டும்படி மாற்றப்பட்டவை. எழுதும்போது பிழை எதுவும் வராது, திரும்பப் படிக்கும்போது கோப்பு இருக்காது.

பழைய டிஸ்க் 1 டிபி. 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியுமா?

டிஸ்க்கின் மொத்த அளவைப் பார்க்காதீர்கள், அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 300 ஜிபி வரை பயன்பாட்டில் இருந்தால் தாராளமாக முடியும். 500 ஜிபி என்று வாங்குவது விண்டோஸில் 465 என்றுதான் தெரியும். உற்பத்தியாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். கடையில் போய்ச் சண்டை போட வேண்டாம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுவது எஸ்எஸ்டிக்கு நல்லது.

ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பதுதான் குளோன். எஸ்எஸ்டி நிறுவனங்கள் தரும் குளோன் மென்பொருள்கள் பார்ட்டிஷன்களை (சி, டி போன்ற டிஸ்க்கின் பிரிவுகள்) தாமே சுருக்கிக்கொள்ளும். குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள், இலக்கு டிஸ்க் சிறியதாக இருந்தால் இயல்பாக மறுத்துவிடும். அப்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் பார்ட்டிஷன்களை முதலில் நீங்களே சுருக்க வேண்டும், டிஸ்க் அளவைச் சரிபார்க்கும் அதன் அமைப்பையும் விலக்க வேண்டும். ஓரளவுக்கு மேல் சுருங்க மறுத்தால், நகர்த்த முடியாத பேஜ் கோப்பும் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருப்பது) ஹைபர்னேஷன் கோப்பும் (கணினி உறங்கும்போது அதன் நிலையைச் சேமிப்பது) நடுவில் குந்தியிருக்கின்றன என்று பொருள். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்கி, பிறகு முயலுங்கள்.

குளோன் செய்வது நல்லதா, விண்டோஸைப் புதிதாக நிறுவுவது நல்லதா?

கணினி ஒழுங்காக ஓடுகிறது, மெதுவாக இருப்பது மட்டுமே குறை என்றால் குளோன். அடிக்கடி நீலத் திரை வருகிறது, வைரஸ் வந்து போயிருக்கிறது, தேவையில்லாத மென்பொருள்கள் குவிந்திருக்கின்றன என்றால் புதிய நிறுவல். குளோன் எதையும் சரிசெய்யாது. பழைய டிஸ்க்கில் இருக்கும் கோளாறு புதிய டிஸ்க்கிலும் அப்படியே, இன்னும் வேகமாக ஓடும்.

ஒரு வகைக் கணினிகளுக்கு மட்டும் நான் தயங்காமல் குளோனையே சொல்வேன்: தமிழ் டிடிபி (அச்சுக்கான பக்க வடிவமைப்பு) வேலை நடக்கும் கணினிகள். பேஜ்மேக்கர் 7, பல வருடங்களாகச் சேர்த்த பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்கள், அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருள் என்று ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில், பாதிக்கு நிறுவல் கோப்பே கையில் இருக்காது. எழுத்துரு ஒன்று விடுபட்டால் பத்து வருடம் முன்பு அச்சடித்த திருமண அழைப்பிதழின் கோப்பு வெறும் ஆங்கிலக் குறிகளாகத் திறக்கும். புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மென்பொருள் ஓடும் கடைக் கணினிக்கும் இதே யோசனைதான். தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானது என்றால் (டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும்) புதிய எஸ்எஸ்டியில் நேரடியாக 11ஐ நிறுவுவது நல்ல தருணம். அதற்குக் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசாஃப்ட் தரும் இலவசக் கருவியும் போதும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் வந்த சில மடிக்கணினிகளில் நிறுவும்போது டிஸ்க் எதுவும் இல்லை என்று திரை சொல்லும். டிஸ்க் பழுதில்லை, டிஸ்க்கைக் கண்டறிய உதவும் இன்டெல்லின் விஎம்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, புகைப்படங்கள், ஆவணங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் இந்த இரண்டு டிஸ்க்குகளும் அல்லாத மூன்றாவது இடத்தில் நகல் எடுப்பது. குளோன் நகல்தானே, பிறகு எதற்கு இன்னொன்று என்று பலர் கேட்கிறார்கள். குளோன் செய்யும் நேரத்தில்தான் மூலமும் நகலும் ஒரே கணினியில், ஒரே மின்சாரத்தில், ஒரே தவறான சொடுக்கின் தூரத்தில் இருக்கின்றன. மூன்றாவது நகல் இல்லாதவர் அன்றைக்குக் குளோனைத் தள்ளிப்போடுவதே நல்லது.

அடுத்தது பழைய டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஸ்மார்ட் தகவல்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் குறிப்புகளைக் காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), தீர்வுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க்கிலிருந்து கிளிக் கிளிக் என்று ஓசை வந்தாலோ குளோன் மென்பொருளை ஓட்டாதீர்கள். சரிபார்க்கும் கருவிகளையும் ஓட்டாதீர்கள், அவை தடுமாறும் டிஸ்க்கை மேலும் வதைக்கும். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுங்கள். மற்றதற்கு லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற கருவி வேண்டும். அது படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பின்னால் வரும்.

பிறகு பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் மறையாக்க வசதி. நாங்கள் அதை இயக்கவே இல்லையே என்று சொல்பவர்களின் மடிக்கணினியிலும் சாதன மறையாக்கம் தானாகவே இயங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் பார்த்து, இயங்கினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள் (மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் அது இருக்கும்). பிறகு மறையாக்கத்தை முழுவதுமாக நீக்கிவிட்டுக் குளோன் செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் புதிய டிஸ்க்கில் மீண்டும் இயக்கலாம்.

விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்போது கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. வெளியிலிருந்து பூட் செய்யும் குளோன் கருவி அந்தப் பார்ட்டிஷனைத் தொட மறுக்கும். மடிக்கணினியைச் சார்ஜரில் செருகியே வையுங்கள். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லாவிட்டால், மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இந்த வேலை வேண்டாம்.

எந்தக் குளோன் மென்பொருள் நல்லது?

நீங்கள் வாங்கிய எஸ்எஸ்டியின் நிறுவனம் இலவசமாகக் கொடுப்பதை முதலில் பாருங்கள். சாம்சங் தன் டிஸ்க்குகளுக்குத் தனிக் கருவி தருகிறது. குருசியல், டபிள்யூடி, கிங்ஸ்டன் ஆகியவை தங்கள் டிஸ்க்குகளுக்கு ஏற்ற அக்ரோனிஸ் பதிப்பை வழங்கிவந்திருக்கின்றன. இவை விண்டோஸ் இயங்கும்போதே வேலை செய்பவை, புதியவர்களுக்கு எளியவை.

நிறுவனம் எதுவும் தரவில்லை என்றால் குளோன்ஸில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள் அது. பென் டிரைவிலிருந்து பூட் ஆகும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் நகலெடுக்கும். நீல நிறத் திரையில் எழுத்துகளாகக் கேள்விகள் வருவது சிலருக்குப் பயத்தைத் தரும். அவர்களுக்கு ரெஸ்க்யூஸில்லா சுட்டியால் இயக்கக்கூடிய வடிவில் அதே வேலையைச் செய்கிறது. முன்பு எல்லோரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய நிறுவல் கோப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தாதீர்கள்.

மூலம் எது, இலக்கு எது என்று எப்படி உறுதி செய்வது?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். புதிய எஸ்எஸ்டியைக் கணினியோடு இணைக்கும் முன் அதன் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். மாடல் பெயருக்குக் கீழே பார்கோடும் அதையொட்டித் தொடர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு தாளில் எழுதி அதன் பக்கத்தில் ‘புதியது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கின் எண்ணைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவிலேயே பார்த்து எழுதிக்கொள்ளலாம். குளோன்ஸில்லா டிஸ்க் பட்டியலைக் காட்டும்போது ஒவ்வொரு வரியிலும் அளவு, மாடல் பெயர், பெரும்பாலும் தொடர் எண்ணும் இருக்கும். தாளை அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். யூஎஸ்பி உறைக்குள் (டிஸ்க்கை வெளியிலிருந்து யூஎஸ்பி வழியாக இணைக்க உதவும் பெட்டி) இருக்கும் டிஸ்க் சில சமயம் உறையின் பெயரில் தெரியும். அப்போது அளவை வைத்துக் கண்டுபிடியுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்றால் யூஎஸ்பியைக் கழற்றி, பட்டியலிலிருந்து எது மறைகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

இலக்கில் உள்ள எல்லாம் அழியும் என்று மென்பொருள் இரண்டு முறை கேட்கும். இரண்டாம் முறை கேட்கும்போதும் தாளைப் பாருங்கள்.

மேலும் ஒன்று: சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் கணினி எழாது. இன்றைய விண்டோஸ் டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று உண்டு. பூட் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. டிஸ்க் முழுவதையும் நகலெடுக்கும் தேர்வையே எடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

200 ஜிபி தரவு என்றால், யூஎஸ்பி 3.0 வழியாக முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை. யூஎஸ்பி 2.0 என்றால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும்.

எம்.2 அட்டையைப் பொருத்துவது கடினமா?

இல்லை. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மடிக்கணினியின் பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். அட்டையின் முனையில் உள்ள வெட்டும் செருகியில் உள்ள தடுப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சுமார் 30 பாகை சாய்வில் உள்ளே தள்ளினால் பொன்னிறத் தொடுமுனைகள் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விடும். கையை எடுத்தால் அட்டை மேல்நோக்கி எழுந்து நிற்கும். அது சரியான நிலைதான். பின்முனையை மெல்ல அழுத்திச் சின்ன ஸ்க்ரூவால் இறுக்குங்கள். அந்த ஸ்க்ரூ பல எஸ்எஸ்டிகளுடன் வருவதில்லை, மதர்போர்டிலேயே இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளோன் முடிந்தது, ஆனால் புதிய டிஸ்க்கிலிருந்து பூட் ஆகவில்லை. ஏன்?

பதறாதீர்கள். பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறது. காரணங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

குளோன் முடிந்த பின் முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். அதோடு பயாஸில் பூட் வரிசையில் புதிய டிஸ்க் முதலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையிலும் புதியது என்விஎம்இ ஆகவும் இருந்தால் சிக்கல் வரும். என்விஎம்இயிலிருந்து பூட் ஆக யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) வேண்டும், அதற்கு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறை வேண்டும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் இதை மாற்றித் தரும் கருவி உள்ளேயே இருக்கிறது. ஆனால் சி, டி, இ என்று பிரித்து, டி, இ இரண்டையும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களாக அமைத்த டிஸ்க்குகளை அது மாற்றாது. அத்தகைய கணினியில் மல்லுக்கட்டுவதைவிடப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் கொண்டுவருவது நல்லது.

மூன்றாவது, பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று சொல்லும் நீலத் திரை. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது இது வரும். விண்டோஸ் தொடக்க நிலையில் என்விஎம்இ டிரைவரை ஏற்றிக்கொள்ளாததே காரணம். மீட்புத் திரை வழியாக ஒருமுறை சேஃப் மோடில் எழச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்கும் எம்.2 அட்டைக்கும் தனித்தனி இடம் இருந்தால் இதை முன்கூட்டியே தவிர்க்கலாம்: புதிய அட்டையை முதலில் அதன் இடத்திலேயே பொருத்தி, பழைய டிஸ்க்கிலிருந்து விண்டோஸை ஒருமுறை எழுப்புங்கள். டிரைவர் தானாக ஏறிக்கொள்ளும். அதன் பிறகு குளோன் செய்யுங்கள்.

விண்டோஸ் உரிமம் போய்விடுமா?

டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பொதுவாகப் போகாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டை வைத்தே அடையாளம் காணப்படுகிறது. டிஸ்க்கின் எண்ணோடு பிணைக்கப்பட்ட சில தனி மென்பொருள்கள் மட்டும் மறுபடி உரிமம் கேட்கலாம். அவற்றைப் பழைய டிஸ்க்கிலேயே டீஆக்டிவேட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

லினக்ஸ் இருந்தால்?

குளோன்ஸில்லாவால் டிஸ்க் முழுவதையும் நகலெடுத்தால் பார்ட்டிஷன்களின் யூயூஐடி எண்களும் மாறாமல் வரும், எனவே வேறு வேலை இருக்காது. கோப்புகளாக நகலெடுத்தவர்கள் எஃப்எஸ்டாப் கோப்பில் புதிய எண்களை எழுதி, கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

மாற்றிய பிறகு ஏதாவது அமைக்க வேண்டுமா?

டிரைவ்களை மேம்படுத்தும் விண்டோஸ் கருவியைத் திறந்து, புதிய டிஸ்க் திடநிலை டிரைவ் என்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) விண்டோஸே கவனித்துக்கொள்ளும். பெரிய டிஸ்க்குக்கு மாறியவர்களுக்கு இறுதியில் காலி இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். சி டிரைவை அதில் நீட்ட முடியாமல் நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் தடுத்தால், அதை நகர்த்தத் தெரிந்த ஜிபார்ட்டட் போன்ற கருவி தேவைப்படும். எஸ்எஸ்டியை வேகப்படுத்துகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி டிஸ்க்குக்கு நிறுவனம் தரும் எழுத்து வரம்பு 300 டிபி. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினால் அதை எட்ட 40 வருடம் ஆகும். தேய்மானத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் எஸ்எஸ்டி பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாக நின்றுவிடும், ஹார்ட் டிஸ்க்கைப் போல முனகிக் காட்டாது. நகல் எடுக்கும் பழக்கம் முன்பைவிட இப்போதுதான் கட்டாயம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே எதுவும் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் அதைத் தொடாமல் அலமாரியில் வையுங்கள். பிரிண்டர் வேலை செய்கிறதா, கணக்கு மென்பொருள் திறக்கிறதா, மாதக் கடைசியில் மட்டும் பயன்படுத்தும் அந்த ஒரு நிரல் ஓடுகிறதா என்றெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

பிறகு ஸ்மார்ட் தகவல் நன்றாக இருந்தால் யூஎஸ்பி உறைக்குள் போட்டுக் கூடுதல் நகல் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். வயதான டிஸ்க் என்பதால் ஒரே நகலாக அதை மட்டும் நம்ப வேண்டாம். விற்பதாகவோ எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாகவோ இருந்தால், விரைவு ஃபார்மட் போதாது. அது கோப்புகளின் பட்டியலை மட்டுமே அழிக்கிறது, கோப்புகளை இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். ஃபார்மட் செய்யும் பெட்டியில் ‘விரைவு’ என்ற தேர்வை நீக்கிவிட்டு ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் முழு ஃபார்மட் கொடுங்கள். அந்தப் பார்ட்டிஷன் முழுவதும் விண்டோஸ் பூஜ்யங்களை எழுதும். 1 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும். ஆதார் நகலும் வங்கி அறிக்கைகளும் குழந்தைகளின் படங்களும் இருந்த டிஸ்க்குக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.